நீலச் சீட்டில் எழுந்தவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குள் லோர்னா வைட்ஹர்ஸ்டின் திரையில் நூற்று முப்பத்தொன்பது பேர் செத்துப்போயிருந்தார்கள். எதிரி அவர்களைக் காயப்படுத்தியதோடு விட்டுவிட்டான். அவர்கள் செத்தது காத்திருந்து. கடற்கரையிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ராணுவ ஹெலிகாப்டர்கள், நாற்பது மைல் தள்ளி நின்ற கடற்படையின் மருத்துவக் கப்பலுக்கு மேலே போய், இறங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன. எரிபொருள் தீரப்போகும் நேரத்தில் கரைக்குத் திரும்பின. நிரப்பிக்கொண்டு மறுபடி போயின. மறுபடி சுற்றின. ஏழு பச்சைப் புள்ளிகள் ஒரு வெள்ளைக் கட்டத்தை வட்டமிடுவது, மீன் நறுக்கிய பலகையைச் சுற்றும் ஈக்களைப் போல இருந்தது.

"இறங்கச் சொல்லேன் உன் பசங்கள, சார்ஜன்ட்," என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த டூயி ஃபென்ட்ரஸ். கப்பல்களை நகர்த்துவது அவர் வேலை. கடற்படையில் முப்பது வருடம் இருந்து, சீஃப் என்ற பதவியில் ஓய்வு பெற்றவர். "என் தளம் காலியாத்தான் கெடக்கு. பெருக்கிக்கூட வெச்சிருக்கேன்."

"சொல்லிட்டேன் சீஃப். மூணு தடவ சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்குது."

"தண்ணியப் பாத்தாலே ஆர்மிக்காரனுக்கு வயித்தக் கலக்கும். தெரிஞ்ச கததானே."

வேறொரு நாளாக இருந்தால் லோர்னா திருப்பிக் கொடுத்திருப்பாள். அவளும் இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் மருத்துவப் பிரிவு சார்ஜன்ட்டாக இருந்தவள்தான். ஓய்வு பெற்ற பிறகு பதினோரு வருடமாக சஃபோக் என்ற ஊரில், ஜன்னல் இல்லாத இந்தக் கட்டடத்தில், ஒத்திகைப் போர்களுக்கு விசை தட்டுகிறாள். பயிற்சி பெறும் ஜெனரலும் அவருடைய அதிகாரிகளும் அடுத்த கட்டடத்தில் வரைபடங்களைச் சுற்றி உட்கார்ந்து உத்தரவு போடுவார்கள். அந்த உத்தரவு இங்கே வரும். லோர்னா அதைக் கணினிக்குள் அடிப்பாள். கணினி தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் ஒரே போருக்குள் ஓடவிட்டு, யார் வென்றார், யார் செத்தார் என்று சொல்லும். அந்தச் செய்தி நிஜமான போர்க்களத்திலிருந்து வந்ததுபோல ஜெனரலின் மேசைக்குப் போகும்.

இன்று அவள் சிரிக்கவில்லை. விமானிகளின் பட்டியலைத் திறந்தாள். பெயர்களுக்கு எதிரே பல தகுதிகளுக்கான கட்டங்கள் இருந்தன. இரவில் பறக்கும் தகுதி, பாலைவனத்தில் இறங்கும் தகுதி. கடைசிக் கட்டம் கப்பல் தளத்தில் இறங்கும் தகுதி. ஆடுகிற இரும்பின் மேல் இறங்குவது வேறு வித்தை. அதற்கென்று பழகாத விமானி அதைச் செய்யக் கூடாது. இருபத்தெட்டுப் பெயர்கள் இருந்தன. இருபத்தெட்டுக் கட்டமும் காலி.

பட்டியலை அந்த விமானிகளின் படைப்பிரிவே பிப்ரவரியில் அனுப்பியிருந்தது. வரி வரியாகச் சரிபார்த்து உள்ளே ஏற்றியவள் லோர்னா. அவளுக்கென்று அந்தக் கட்டடத்தில் ஒரு கர்வம் இருந்தது என்றால் அது இதுதான்: அவள் ஏற்றிய எண்ணில் பிழை இருக்காது.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் கேப்டன் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். பயிற்சி பெறுகிறவர்கள் விசைக் கூடத்துக்குள் வருவது வழக்கமில்லை. சட்டையில் இபார்ரா என்று பெயர். காயம்பட்டவர்களை எங்கே, எதில், எப்படிக் கொண்டுபோவது என்று அந்தப் படைப்பிரிவுக்குத் திட்டம் போடுகிறவள் அவள். அவளுடைய படைப்பிரிவு இன்னும் மூன்று வாரத்தில் பசிபிக் பக்கம் ஒரு தீவுக்குக் கிளம்புகிறது. அது ஒத்திகை இல்லை; ஒத்திகையின் வரைபடம்தான் அந்தத் தீவுடையது.

"மேடம், எங்க ஹெலிகாப்டர் ஏன் எறங்கல?"

"உங்க ஆளுங்கள்ல ஒருத்தருக்கும் தகுதி இல்ல, கேப்டன். பட்டியல் காலியா இருக்கு."

இபார்ரா மறுத்துப் பேசுவாள், பட்டியல் தப்பு என்று கத்துவாள் என்று லோர்னா எதிர்பார்த்தாள். அவள் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நெஜந்தான். மார்ச்சுல பழக வேண்டியது. கப்பல் ரிப்பேருக்குப் போயிடுச்சு. அப்பறம் யாரும் கப்பல் தரல. நாலு எடத்துக்கு எழுதிட்டேன்."

"இப்போ?"

"இந்த ஒத்திகையோட மதிப்பீட்டுல, காயம்பட்டவங்களக் கப்பலுக்கு மாத்தற வரியில செவப்பு விழுந்தா, கெளம்பறதுக்குள்ள பழக ரெண்டு நாள் கப்பல் குடுத்தே ஆகணும். சட்டம் அது. பச்சை விழுந்தா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. எனக்கு வேண்டியது ரெண்டே நாள், மேடம்."

"செவப்பு விழும்," என்றாள் லோர்னா. "இதுல இருக்கறது உண்மை. உண்மைய யாரு என்ன பண்ண முடியும்?"

சொன்ன மறுநிமிடமே அந்த வாக்கியம் அவள் காதில் அபத்தமாக ஒலித்தது. பதினோரு வருடமாக உண்மையை என்னவெல்லாம் செய்யலாமோ அத்தனையும் செய்துகொண்டிருந்த விரல்கள் அவளுடையவைதான்.

அந்தக் கட்டடத்தில் அதற்கு மேஜிக் என்று பெயர். போர் ஜெனரலின் கால அட்டவணைக்குப் பொருந்தாமல் போய்விட்டால், ஒரு நீலச் சீட்டு வரும். இடிந்த பாலம் நிமிர்ந்துவிடும். மூழ்கிய வெடிமருந்துக் கப்பல் மிதக்கும். ஒருமுறை காலையில் அழிந்த ஒரு முழு பட்டாலியன் மதியச் சாப்பாட்டுக்குள் எழுந்து நடந்தது. சீட்டில் காரணம் என்ற இடத்தில் எப்போதும் ஒரே வாசகம்: பயிற்சி நோக்கத்துக்காக. கடைசியில் விசை தட்டுகிறவரின் கையெழுத்து. "ஈஸ்டர் வருஷத்துக்கு ஒரு தடவ, நமக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ" என்று ஜோக்கடித்தவளே லோர்னாதான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இன்னமும் அந்த ஜோக்கைச் சொல்லிக் காட்டுகிறார்கள், அவள் பெயரோடு.

மூன்று மணிக்கு ஹாலிஸ்டர் கூப்பிட்டார். ஒத்திகையை நடத்துகிறவர் அவர். விமானப்படையில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்த மாட்டார். பிறந்த நாள்களை ஞாபகம் வைத்திருப்பார். கூட்ட அறையில் யாரோ மைக்ரோவேவில் கருகவிட்ட பாப்கார்னின் நாற்றம் கம்பளத்தில் இறங்கியிருந்தது. அவர் ஒரு டப்பாவிலிருந்து கேரட் துண்டுகளை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஒக்காருங்க லோர்னா. இந்த ஹெலிகாப்டர் விஷயம். டேட்டா தப்புன்னு சாஃப்ட்வேர் ஆளுங்க சொல்றாங்க."

"டேட்டா தப்பில்ல, கர்னல். நான் ஏத்தினது. அந்தக் கேப்டனே ஒத்துக்கிட்டாங்க."

"ஒரு மனுஷனுக்குக்கூடத் தகுதி இல்லன்னு ஒரு பட்டியல் வந்தா, பாக்கறவன் என்ன நெனப்பான்? கட்டம் விட்டுப்போச்சுன்னுதானே? இத்தனை பேருக்கும் இல்லாம எப்படி இருக்கும், சொல்லுங்க."

லோர்னாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பத்துப் பேருக்கு இல்லாமல் பதினெட்டுப் பேருக்கு இருந்திருந்தால் நம்பியிருப்பார்கள். குறை முழுசாக இருந்ததால்தான் அது குறையாகத் தெரியவில்லை.

ஹாலிஸ்டர் நீலச் சீட்டை அவள் பக்கம் நகர்த்தினார். காரணம்: தரவுப் பிழை.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஒத்திகையோட மூணாம் கட்டம். ஜெனரல் விருந்தாளிங்களோட வர்றாரு. மருத்துவம் படுத்துட்டா எல்லாம் படுத்துடும். நாலு முகாம்ல அஞ்சாயிரம் பேரு கையக் கட்டிக்கிட்டு ஒக்காரணும். நூத்தி முப்பத்தொம்பது பேர எழுப்பி விடுங்க. மத்தத அப்பறம் மதிப்பீட்டுக் கூட்டத்துல பேசிக்கலாம்."

அதில் கோபப்பட ஒன்றுமே இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. அவர் சொல்வது எப்போதும் நியாயமாகவே இருக்கும். ஒவ்வொரு சொல்லும் துடைத்து வைத்ததுபோல இருக்கும். இத்தனை வருடம் அந்தச் சுத்தமான சொற்களைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வெளியே வந்திருக்கிறாள். தலையாட்டும்போது கழுத்தில் ஏற்படும் அந்தச் சிறு சுகத்தைக்கூட அவளுக்குத் தெரியும்.

"டேட்டா தப்புன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். கோபமில்லை, சலிப்பு. பிறகு பேனாவை எடுத்துக் காரணத்தை அடித்துவிட்டு, பயிற்சி நோக்கத்துக்காக என்று எழுதினார். செய்ய வேண்டியது என்ற இடத்தில், காயமடைந்தோர் 139 பேரை உயிருடன் மீட்கவும் என்று இருந்தது. அதை அப்படியே விட்டார்.

"இப்போ சரியா?"

லோர்னா சீட்டை இரண்டு முறை படித்தாள். பட்டியலை மாற்றச் சொல்லி அதில் ஒரு வரிகூட இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

மேசைக்குத் திரும்பி நூற்று முப்பத்தொன்பது பேரையும் தேர்ந்தெடுத்து எழுப்பினாள். நான்கு வினாடி ஆனது. இருபத்தெட்டுக் காலிக் கட்டங்களைத் தொடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில், கடலுக்கடியில் இறங்கும் சுரங்கப்பாதைக்கு முன்னால் கார்கள் வழக்கம்போலத் தேங்கி நின்றன. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அவள் தன்னைத்தானே துருவிக்கொண்டிருந்தாள். நாளை காலை அதே ஹெலிகாப்டர்கள் அதே கப்பலைச் சுற்றும், விருந்தாளிகள் முன்னால். இது தைரியமா? தைரியமென்றால் மாட்டேன் என்று எழுந்து வந்திருக்க வேண்டும். சீட்டில் எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்துவிட்டு, எழுதாததைச் செய்யாமல் விட்டுவிட்டு, நாளைக்கு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வது குமாஸ்தாவின் தந்திரம். தந்திரமாகவே இருக்கட்டும், சிவப்பு விழுந்தால் போதும் என்று நினைத்தாள். நினைத்தபோதும் தன் மேல் ஒரு பிசுபிசுப்பு ஒட்டியிருப்பதுபோலவே இருந்தது.

புதன்கிழமை பத்து மணி தாண்டியதும் முதல் ஹெலிகாப்டர் கப்பலுக்கு மேலே போய்ச் சேர்ந்தது. சுற்றியது. இரண்டாவதும் சுற்றியது.

டூயி நாற்காலியோடு நகர்ந்து வந்து திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "அடிப்பாவி," என்றார், மிக மெதுவாக.

பத்தே முக்காலுக்கு ஜெனரல் உள்ளே வந்தார். பின்னால் கோட்டுப் போட்ட ஆறு விருந்தாளிகள், படைப்பிரிவின் தளபதி, இபார்ரா, கடைசியில் ஹாலிஸ்டர். ஜெனரல் உயரமானவர்; கூடத்திலிருந்த ஒவ்வொருவரையும் நண்பனைப் போலப் பார்த்துக்கொண்டே வந்து, லோர்னாவின் திரைக்கு முன்னால் நின்றார்.

"இதென்ன, என் ஹெலிகாப்டருங்க ராட்டினம் ஆடுது?"

"கம்ப்யூட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணுது, சார்," என்றார் ஹாலிஸ்டர். "பத்து நிமிஷத்துல சரியாயிடும்."

லோர்னா எழுந்து நின்றாள். முழங்கால் மேசையில் இடித்தது.

"கம்ப்யூட்டர் சரியாத்தான் இருக்கு, சார். அந்த விமானிங்கள்ல ஒருத்தருக்கும் கப்பல்ல எறங்கிப் பழக்கம் இல்ல. அதான் சுத்துது."

ஜெனரல் மெதுவாக இபார்ரா பக்கம் திரும்பினார்.

"அப்படியா, கேப்டன்?"

இபார்ரா நிமிர்ந்து நின்றாள். அவள் கண்கள் லோர்னாவிடம் ஒரு கணம் வந்தன. பிறகு தன் தளபதியிடம் போயின. தளபதி யாரையும் பார்க்கவில்லை. கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் சார், பழக்கமில்லை என்ற மூன்று சொற்கள் போதும். அந்த மூன்று சொற்களும் அவள் தொண்டை வரை வந்ததை லோர்னா பார்த்தாள்.

"அதுக்கான வேலை நடந்துக்கிட்டிருக்கு, சார்."

"வெரி குட்," என்றார் ஜெனரல். முகம் மறுபடி மலர்ந்தது. விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "எங்க வீட்டு பிரிண்டரும் இப்படித்தான். நான் தொட்டா வேலை செய்யாது. என் சம்சாரம் ஒரு தட்டு தட்டினா ஓடும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹாலிஸ்டர் சிரித்தார். தளபதி சிரித்தார். இபார்ராவின் உதடுகளும் அந்தச் சிரிப்பின் வடிவத்துக்கு விரிந்தன. அந்த வாயை லோர்னாவுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

ஜெனரல் கிளம்பும்முன் லோர்னாவின் கையைப் பற்றிக் குலுக்கினார். அவர் உள்ளங்கைக்கும் அவள் உள்ளங்கைக்கும் நடுவே கனமான வட்டமான ஒன்று இருந்தது. மூன்று நட்சத்திரமும் அவர் பெயரும் பொறித்த வில்லை. மெச்சத் தகுந்தவர்களுக்கு ஜெனரல்கள் இப்படித்தான் கைக்குள் வைத்துக் கொடுப்பார்கள்.

"மனசுல பட்டத அப்படியே சொன்னீங்க பாருங்க, அது பிடிச்சிருக்கு. உங்கள மாதிரி ஆளுங்கதான் நமக்கு வேணும்."

வில்லை அவர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ வாயிலிருந்து எடுத்துக் கொடுத்ததுபோல அவளுக்கு உடம்பு கூசியது.

அவர்கள் போனதும் ஹாலிஸ்டர் அவளைத் திட்டவில்லை. "ரெண்டு நாளா தூங்கலபோல இருக்கு. கொஞ்சம் ஓய்வெடுங்க," என்றார். அவள் இருக்கையில் டூயி உட்கார்ந்தார். புது நீலச் சீட்டு வந்தது. காரணம்: தரவுப் பிழை. டூயி கையெழுத்துப் போட்டுவிட்டு, காலிக் கட்டங்களில் உண்டு, உண்டு, உண்டு என்று நிரப்பிக்கொண்டே போனார்.

"அப்படிப் பாக்காத, சார்ஜன்ட். எனக்கும் இது பிடிக்கல."

"பிடிக்காமயே எவ்வளவு வேகமா அடிக்கற, சீஃப்."

அவர் காது மடல் சிவந்தது. கை நிற்கவில்லை. இருபத்தெட்டாவது கட்டம் நிரம்பியதும், முதல் பச்சைப் புள்ளி வெள்ளைக் கட்டத்தின் மேல் சாதுவாக இறங்கியது. கூடத்தின் பின்பக்கம் யாரோ கைதட்டினார்கள்.

வியாழக்கிழமை மதிப்பீட்டுக் கூட்டம். காயமடைந்தோரைக் கப்பலுக்கு மாற்றுதல் என்ற வரி திரையில் பச்சையாக வந்தது. செத்தவர்கள் பதினேழு பேர்தான். "முப்படையும் ஒரே கையா வேலை செஞ்சதுக்கு இதவிட அத்தாட்சி வேண்டாம்," என்றார் ஜெனரல். இரண்டு நாள் கப்பலைப் பற்றி யாரும் பேசவில்லை. லோர்னா பின்வரிசையில் உட்கார்ந்து இபார்ராவின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறுக்கிக் கட்டிய கொண்டை. அது ஒருமுறைகூட அசையவில்லை.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கேக் வெட்டப் போனார்கள். லோர்னா கழிவறைக்குப் போனாள். இபார்ரா அங்கே கை கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவிய கைகளைத்தான்.

"என்னத் திட்டுங்க, மேடம்."

"எதுக்கு?"

"ரெண்டு நாள் உங்க கைல இருந்துச்சு. நான்தான் தட்டி விட்டேன். தளபதி முன்னால வாய் வரல."

திட்டுவதற்கு லோர்னாவிடம் நிறைய இருந்தது. எடுத்துப் பார்த்தால் அத்தனையும் தன் அளவுக்குத் தைத்ததாகவே இருந்தது. "நானும் பதினோரு வருஷமா இதத்தான் பண்றேன்," என்றாள். "தீவுல காயம்பட்டவங்கள எங்க அனுப்பப் போற?"

"கப்பல நம்ப மாட்டேன். ரோட்டுல. லாரில ஏத்தி விமானத் தளத்துக்கு. ஒம்பது மணி நேரம் ஆகும். அத மாத்த யார் அனுமதியும் எனக்கு வேண்டாம், என் திட்டம் அது." கைகளை உதறினாள். "எத்தனை பேரு தாங்குவாங்கன்னு எனக்குத் தெரியாது."

லோர்னா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "வா."

விசைக் கூடத்தில் யாரும் இல்லை. ஒத்திகை முடிந்ததால் கணினி யாருக்கும் வேண்டாததாய் ஓடிக்கொண்டிருந்தது. லோர்னா தன் இருக்கையில் உட்கார்ந்து டூயி நிரப்பியிருந்த இருபத்தெட்டையும் அழித்தாள். செவ்வாய்க்கிழமைக் காலையை மறுபடி கொண்டுவந்தாள். கப்பலை எடுத்துவிட்டு, அதே காயம்பட்டவர்களை லாரிகளில் ஏற்றினாள். ஒரே நிமிடத்தில் போரின் பதினெட்டு மணி நேரம் ஓடியது.

"சாவு எழுவத்தி நாலு," என்றாள்.

இபார்ரா பின்னாலிருந்து குனிந்தாள். அவள் மூச்சு லோர்னாவின் காதில் பட்டது. "ஆபரேஷன் பண்ற டீம் ஒண்ண பாதி வழியில நிறுத்தினா?"

"எந்த எடம்?"

இபார்ரா ஒரு கிராமத்தைத் தொட்டாள். லோர்னா அடித்தாள். அறுபத்தாறு. இன்னும் பத்து மைல் முன்னால் வைத்தார்கள். அறுபத்தொன்று. இன்னும் முன்னால் வைத்தால் எதிரியின் பீரங்கிக்கு எட்டியது, எண்பதுக்கு ஏறியது. திரும்பி அறுபத்தொன்றுக்கே வந்தார்கள். அரைமணி நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து செய்தது, அந்தக் கட்டடத்தில் பதினோரு வருடத்தில் லோர்னா செய்த ஒரே நேர்மையான ஒத்திகை. அதை ஒரு திருட்டைப்போல, கதவுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு செய்ய வேண்டியிருந்தது.

இபார்ரா அந்த இடத்தின் பெயரையும் எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். "அறுபத்தொண்ணு," என்றாள். "பரவால்ல. அறுபத்தொண்ணு பரவால்ல."

கதவு திறந்தது. ஹாலிஸ்டர் இரண்டு காகிதத் தட்டுகளோடு நின்றார். வெள்ளைக் கேக்; மேலே மூன்று படைகளின் சின்னமும் நீலச் சர்க்கரைக் களிம்பில். "ரெண்டு பேரையும் காணுமேன்னு பாத்தேன். தீந்துடப் போகுது, எடுத்துக்குங்க."

லோர்னா திரையை அணைத்தாள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். இபார்ராவும் வாங்கிக்கொண்டாள். அவர் வாசலிலேயே நின்று, இருவரும் ஒரு வாய் எடுக்கும் வரை அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

களிம்பு நாக்கில் மெழுகுபோல ஒட்டியது. மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. அதை நாக்கால் சுரண்டிக்கொண்டே லோர்னா தன் நெஞ்சுக்குள் ஏதோ லேசாகியிருப்பதைக் கவனித்தாள். முதல் எண் வருவதற்கு முன் அவள் எண்பதுக்குப் பயந்திருந்தாள். அறுபத்தொன்று என்றதும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கிறது. இரண்டு நாள் கப்பல் கிடைத்திருந்தால் பதினேழு. பதினேழுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவில் நாற்பத்து நான்கு பேர். மூன்று வாரம் கழித்து ஏதோ ஒரு ரோட்டில், ஏதோ ஒரு லாரியின் தகரத் தரையில், அவர்களை எழுப்ப எந்தச் சீட்டும் கிடையாது. அது தெரிந்தும் அவள் உடம்பு நிம்மதிப்பட்டிருந்தது, நல்ல பேரம் முடித்த வியாபாரியைப் போல.

"நல்லா இருக்கா?" என்றார் ஹாலிஸ்டர்.

"நல்லா இருக்கு, கர்னல்," என்று சொல்லி விழுங்கினாள்.